பனிக்காலத்தில் கோழிக்கூட்டுக்கு ஹீட்டர் வேண்டுமா?

அக்டோபர் பிறந்தால் போதும், கோழி வளர்க்கிற நண்பர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. கூட்டுக்குள் ஹீட்டர் வைக்கலாமா, வேண்டாமா? நான் இருப்பது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் கிழக்கே, கிங்ஸ்டனிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி. டிசம்பர் முதல் மார்ச் வரை கொல்லையில் மண்ணைப் பார்ப்பதே அபூர்வம். ஜனவரியில் சில இரவுகள் மைனஸ் 25 டிகிரி வரை இறங்கிவிடும். ஆறு பெட்டைக்கோழிகளோடு ஏழாவது குளிர்காலத்துக்கு இப்போது தயாராகிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருடத்தில் வெப்ப விளக்கு, தட்டை ஹீட்டர், ஒன்றுமே வைக்காமல் விடுவது என்று மூன்றையும் செய்து பார்த்தாயிற்று.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். நன்றாக வளர்ந்த, உடம்பு முழுக்க இறகு மூடிய, குளிர் தாங்குகிற இனக் கோழிகள் உங்களிடம் இருந்தால் ஹீட்டர் தேவையில்லை. அந்தக் காசைக் காற்றோட்டத்துக்கும் உறையாத தண்ணீருக்கும் செலவழியுங்கள். கோழிக்குக் குளிரைவிட ஈரம்தான் பெரிய எதிரி. ஆனால் இது எல்லாருக்கும், எல்லாக் கோழிக்கும் பொருந்தாது, அதையும் சொல்கிறேன்.

முதல் வருடம் எனக்கு இது தெரியாது. நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் குளிர் என்றால் முதலில் தோன்றுவது மூடுவதுதான். ஜன்னலைச் சாத்து, கதவிடுக்கில் துணியைச் செருகு, காதைக் கட்டு. நானும் நவம்பரிலேயே கூட்டின் மேற்பக்கத்தில் இருந்த காற்றுத் துளைகளைப் பலகை வைத்து அடைத்தேன், கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினேன், ஒரு சின்ன இடுக்கைக்கூட விடவில்லை. ஜனவரியில் ஒரு காலை, வெளியே மைனஸ் 18 இருக்கும், கதவைத் திறந்ததும் அம்மோனியா நெடி முகத்தில் அடித்துக் கண் எரிந்தது. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க உறைபனி படர்ந்திருந்தது, நகத்தால் சுரண்டினால் தேங்காய்த் துருவல் மாதிரி உதிர்ந்தது. கூரைப் பலகையில் துருத்திக்கொண்டிருந்த ஆணி முனை ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை மணி. கோழிகள் இரவில் ஏறித் தூங்குகிற கட்டையில் உட்கார்ந்திருந்த வெள்ளை லெகார்ன் கோழிக்குக் கொண்டை பெரியது, பக்கவாட்டில் சாய்ந்து தொங்கும். அதன் நுனிகள் சாம்பலாக வெளுத்திருந்தன. நாலைந்து நாளில் அவை கறுத்தன, பிறகு காய்ந்து விழுந்தன. கோழி பிழைத்துக்கொண்டது. ஆனாலும் அந்த வலியை நான்தான் கொடுத்தேன் என்பது இன்றைக்கும் மனசை உறுத்துகிறது.

பக்கத்துப் பண்ணையில் சின்ன வயதிலிருந்தே கோழி வளர்க்கிற ஒரு பாட்டி இருக்கிறார். அவரைக் கூட்டி வந்து காட்டினேன். உள்ளே தலையை நீட்டி மோந்து பார்த்தார், கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார், "மேலே அடைத்ததையெல்லாம் திறந்துவிடு" என்றார். மைனஸ் 18-ல் திறப்பதா என்று எனக்குக் கை வரவில்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார், திறந்தேன். மூன்றாம் நாள் கண்ணாடி காய்ந்திருந்தது, நெடியும் போயிருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க வேறு எந்தக் கோழிக்கும் கொண்டை கறுக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஒரு கோழி நாளொன்றுக்குக் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். முட்டை வழியாக வெளியே போவது சுமார் 45 மில்லிதான். மிச்சமெல்லாம் மூச்சாகவும் எச்சமாகவும்தான் வர வேண்டும், எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். இங்கே டிசம்பரில் கோழிகள் நாலரை ஐந்து மணிக்கே அடைந்துவிடும், காலை ஏழரை வரை கட்டையை விட்டு இறங்காது. கிட்டத்தட்ட 15 மணி நேரம். ஆறு கோழிகள் ஒரு மரப்பெட்டிக்குள் அத்தனை நேரம் மூச்சு விட்டு எச்சமிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றில் தெளித்த மாதிரிதான். அது வெளியே போக வழி இல்லையென்றால் கண்ணாடியில் படியும், ஆணியில் படியும், கொண்டையிலும் படியும். ஈரமான கொண்டை சீக்கிரம் உறையும்.

கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி, நம்மைவிட நாலு டிகிரி அதிகம். இரவில் அது இறகைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டு, இறகுகளுக்கு இடையில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் காற்றுதான் அதன் கம்பளி. காலிலும் ஒரு ஏற்பாடு உண்டு. கீழே இறங்குகிற சூடான ரத்தம், மேலே ஏறுகிற குளிர்ந்த ரத்தத்துக்குப் பக்கத்திலேயே ஓடுவதால் வழியிலேயே தன் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறது, அதனால் பனியில் நின்றாலும் உடம்புச் சூடு கால் வழியாக வீணாவது குறைவு. இறகு நனைந்தாலோ, குளிர்காற்று நேராக அடித்து உப்பிய இறகைக் கலைத்தாலோ இந்த ஏற்பாடு கெட்டுப்போகும். ஆக, கூட்டுக்குள் சூடு எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் காய்ந்து இருக்கிறதா, கோழி மேல் காற்று வீசுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது ஹீட்டர் விஷயத்துக்கு வருவோம்.

வெப்ப விளக்கு என்றால் கடையில் கிடைக்கிற 250 வாட் சிவப்பு பல்பு, அலுமினிய மூடியும் கவ்வியும் சேர்த்து வாங்கினாலும் விலை கொஞ்சம்தான். குஞ்சு பொரித்த முதல் வாரங்களில் குஞ்சுகளுக்கு இதைத்தான் பலரும் போடுகிறார்கள், அங்கே கண்ணெதிரில் வைத்துப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பனி இரவில், யாரும் பார்க்காத கொல்லைக் கூட்டில், காய்ந்த வைக்கோலுக்கு மேலே இதைத் தொங்கவிடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கோழிக்கூட்டில் தூசி மாதிரி வேறெங்கும் தூசி கிடையாது. இறகுத் தூள், தீவனப் பொடி, காய்ந்த எச்சம் எல்லாம் சேர்ந்து பல்பின் மேல் படியும். ஒரு கோழி கட்டையிலிருந்து தடுமாறிப் பறந்தால் விளக்கில் இடிக்கும், கவ்வி நழுவும். எங்கள் சாலையிலேயே ஒரு வீட்டில் பிப்ரவரி இரவொன்றில் கூடு இப்படித்தான் எரிந்தது, ஒட்டியிருந்த கொட்டகையின் ஒரு சுவரும் போனது. காலையில் கருகிய மரத்தின் மேல் பனி விழுந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் ஒரு மூன்று வாரம் பயன்படுத்திய விளக்கை அன்றைக்கே கழற்றினேன். கட்டாயம் வைத்தே தீர வேண்டும் என்றால் கவ்வியை நம்பாமல் சங்கிலியில் இரண்டு இடத்தில் கட்டுங்கள், தினமும் துடையுங்கள். அப்படியும் நான் வைக்க மாட்டேன்.

தட்டை ஹீட்டர் எவ்வளவோ மேல். 200 வாட்டுக்குள் இருக்கும், சுவரில் மாட்டலாம், கட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தியும் வைக்கலாம். வெளிச்சம் கிடையாது, அதனால் கோழி தூக்கம் கெடாது. மேற்பரப்பு கை வைத்தால் சூடாகத் தெரியும், ஆனால் பல்பு மாதிரி தீப்பிடிக்கிற சூடு வராது. கூடு முழுவதையும் இது சூடாக்குவதில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்தால் கதகதப்பு கிடைக்கும். வேண்டிய கோழி நெருங்கும், வேண்டாதது விலகும். இரண்டாவது வருடம் வாங்கினேன், விலை விளக்கைப் போலப் பல மடங்கு. மின்சாரக் கணக்கு சொன்னால், 250 வாட் விளக்கு இரவு 12 மணி நேரம் எரிந்தால் 3 யூனிட், மாதத்துக்கு 90 யூனிட். 200 வாட் தட்டைக்கு மாதம் 72. அதுவும் இதுவும் பெரிய வித்தியாசமில்லை, வித்தியாசமெல்லாம் நெருப்பு பயத்தில்தான்.

ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. செப்டம்பரிலிருந்து பகல் குறைந்து மெதுவாகக் குளிர் ஏற ஏற, கோழியின் உடம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது. பழைய இறகை உதிர்த்துவிட்டு அடர்த்தியாகப் புது இறகு முளைக்கும், தீவனம் அதிகம் எடுக்கும். ஹீட்டர் பக்கத்திலேயே வளர்ந்த கோழிக்கு இந்தப் பழக்கம் முழுதாக வராது. பிறகு ஒரு நாள் கரண்ட் போனால் என்ன ஆகும்? இங்கே கரண்ட் போவது பெரும்பாலும் உறைமழையில்தான், அதாவது மிக மோசமான இரவில். 1998 ஜனவரியில் கிழக்கு ஒன்டாரியோவையும் க்யூபெக்கையும் தாக்கிய பனிக்கட்டிப் புயலைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். கம்பங்களும் மின்கோபுரங்களும் பனியின் எடை தாங்காமல் சரிந்து, பல இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நான் சொன்ன பாட்டியின் கோழிகள் அந்த வாரங்களிலும் முட்டையிட்டனவாம், ஏனென்றால் அவற்றுக்கு மின்சாரம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதைக் கேட்ட பிறகுதான் நான் தட்டை ஹீட்டரையும் எடுத்து வைத்தேன்.

இங்கே அம்மாவின் யோசனையையும் சொல்ல வேண்டும். வீடியோ காலில் பனி மூடிய கூட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, அதுங்களுக்குக் குளிராதா? ராத்திரிக்கு மட்டுமாச்சும் வீட்டுக்குள்ள கொண்டாந்து கவுத்து வையேன்" என்றார். ஊரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பஞ்சாரம் கவிழ்த்திருக்கும், கீரிப்பிள்ளைக்குப் பயந்து தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் அதற்குள்தான் மூடுவோம், அந்த நினைப்பு அவருக்கு. அன்பான யோசனைதான், இங்கேயும் பலர் இரவில் கராஜுக்குக் கொண்டுவருகிறார்கள். ஆனால் 10 டிகிரியில் தூங்கவைத்துவிட்டுக் காலையில் மைனஸ் 20-ல் இறக்கிவிடுவது, தினமும் இதையே செய்வது, கோழிக்கு ஹீட்டரைவிடக் கொடுமை. கொண்டுவந்தால் அந்தக் குளிர்காலம் முடியும் வரை உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். நோய்ப்பட்ட கோழிக்கு அது சரி. மற்றவை தங்கள் கட்டையிலேயே இருக்கட்டும்.

காற்றோட்டம் என்றால் எங்கே, எவ்வளவு என்று கேட்பீர்கள். இதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். துளை கோழியின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். கட்டையில் உட்கார்ந்திருக்கிற கோழியின் கொண்டைக்கு மேல் ஓரடியாவது விட்டு, கூரைக்குக் கீழே, எதிரெதிர்ச் சுவர்களில். ஈரக் காற்று சூடாக இருப்பதால் மேலே ஏறி அந்த வழியாகப் போய்விடும், கீழே கோழி இருக்கிற இடத்தில் காற்று அசையாமல் இருக்கும். எவ்வளவு என்றால், ஒரு கோழிக்கு 1 சதுர அடி என்பது இங்கே எல்லாரும் சொல்கிற கைக்கணக்கு, ஆறு கோழிக்கு ஆறு சதுர அடி. கேட்டால் பயமாக இருக்கும். நான் கூரை விளிம்புக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளவாக்கில் திறப்பு வைத்து, அரை அங்குலக் கண்ணி உள்ள கெட்டியான கம்பிவலை அடித்திருக்கிறேன். சாதாரணக் கோழிவலை போதாது, ரக்கூன் அதைக் கையாலேயே கிழித்துவிடும், மரநாய் இனத்துச் சின்னஞ்சிறு வீசல் ஒரு அங்குல ஓட்டையில் உள்ளே நுழைந்துவிடும், குளிர்காலத்தில் இரண்டுக்கும் பசி அதிகம். புயல் எந்தத் திசையிலிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கத்துத் திறப்பை மட்டும் அன்றைக்கு மூட ஒரு மடக்குப் பலகை உண்டு.

சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி. கட்டையின் உயரத்தில் ஒரு மெல்லிய ரிப்பன் துண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். வெளியே காற்றடிக்கிற நாளில் அது ஆடினால் கோழி மேல் காற்று வீசுகிறது என்று அர்த்தம், அந்த வழியைக் கண்டுபிடித்து அடையுங்கள். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் நனைந்தோ உறைந்தோ இருந்தால் மேலே இன்னும் திறக்க வேண்டும். மூக்கில் நெடி வந்தாலும் அப்படித்தான், அதுவும் உங்கள் மூக்கைக் கட்டை உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், நின்றபடி மோந்தால் தெரியாது. வேண்டுமானால் ஈரப்பதம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் மீட்டரைக் கூட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்று மாட்டலாம். இரண்டும் நெருங்கி இருந்தால் நல்லது.

கட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உருளையான மெல்லிய கம்பு வேண்டாம், இரும்புக் குழாய் வேண்டவே வேண்டாம். இங்கே டூ-பை-ஃபோர் என்று விற்கிற மரச்சட்டத்தை அதன் அகலமான பக்கம் மேலே வருகிற மாதிரி படுக்கவைத்தால், கோழி விரல்களை மடக்காமல் பாதத்தைத் தட்டையாக வைத்து, வயிற்று இறகால் முழுசாக மூடிக்கொண்டு உட்காரும். இதற்குச் செலவு சில டாலர்தான்.

சுவருக்குள் தெர்மாகோல் பலகை வைக்கலாமா? வைக்கலாம், கெடுதல் இல்லை, ஆனால் மேலே ஒட்டுப்பலகை அடித்து மூடுங்கள். கோழி தெர்மாகோலைப் பார்த்தால் கொத்தித் தின்றே தீர்க்கும்.

தரையில் போடுகிற கூளத்துக்கு இரண்டு வழி. வாரா வாரம் எல்லாவற்றையும் வாரிக் கொட்டிப் புதிதாகப் போடுவது ஒன்று. நம் ஊர்ப் பண்ணைகளில் ஆழ்கூளம் என்கிறார்களே, அது இன்னொன்று. நான் ஆழ்கூளத்தின் பக்கம். அக்டோபரில் அரை அடி உயரத்துக்கு மரச்சீவல் போட்டு ஆரம்பித்து, எச்சம் சேரச் சேர மேலே புதுச்சீவல் தூவிக்கொண்டே போனால் பிப்ரவரியில் ஒரு அடியைத் தொடும். சாயங்காலம் ஒரு கைப்பிடி உடைத்த மக்காச்சோளத்தை அதில் வீசினால் கோழிகளே கிளறிக் கலந்துவிடும், கிளறக் கிளறக் காற்று இறங்கி மக்கும், மக்குகிற இடத்தில் லேசாகச் சூடும் இருக்கும். ஒரு நாள் ஜனவரிக் காலையில் கையுறையைக் கழற்றிவிட்டுக் கட்டைக்குக் கீழே கூளத்துக்குள் கையை விட்டேன், முழங்கை வரை இதமாக இருந்தது, மேலே என் மூச்சு உறைந்துகொண்டிருந்தது. ஏப்ரலில் அள்ளி எடுத்துக் குவித்து வைத்தால் தோட்டத்துக்கு எரு. ஆனால் காற்றோட்டம் இல்லாத கூட்டில் ஆழ்கூளம் போட்டால் அது வெறும் சாக்கடைதான், அந்த நிலைமையில் வாரா வாரம் வாருவதே மேல். மிகச் சின்னக் கூடு, நின்று வேலை செய்ய முடியாத பெட்டிக் கூடு வைத்திருப்பவர்களும் வாரிவிடுவது நல்லது. வைக்கோல் போடலாம், ஆனால் சீவல் அளவுக்கு ஈரம் இழுக்காது. மாட்டுக்குப் போடுகிற காய்ந்த புல் வேண்டாம், சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும்.

தண்ணீருக்கு வருகிறேன். ஹீட்டர் வேண்டாம் என்று சொன்ன நானே மின்சாரம் வேண்டும் என்று சொல்கிற ஒரே இடம் இதுதான். கோழி மைனஸ் 20-ஐத் தாங்கும், தண்ணீர் இல்லாமல் தாங்காது. தண்ணீர் இல்லையென்றால் தீவனம் இறங்காது, தீவனம் இல்லையென்றால் உடம்பில் சூடு உண்டாகாது. பனியைக் கொத்திக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது.

என் முதல் இரண்டு வருடமும் கறுப்பு ரப்பர் தொட்டிதான். இரண்டு வாங்கி, ஒன்று உறைந்ததும் கவிழ்த்து மிதித்தால் பனிக்கட்டி பாளமாகக் கழன்று விழும், ரப்பர் உடையாது. இன்னொன்றில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். கரண்டே வேண்டாம், விலையும் குறைவு. ஆனால் மைனஸ் 15-க்குக் கீழே போனால் ஒரு மணி நேரத்தில் மேலே ஆடை கட்ட ஆரம்பிக்கும், நாளைக்கு நாலு தடவை வாளியோடு பனியில் நடக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்குச் சரி. காலை ஏழு மணிக்குக் கிளம்பி மாலை ஆறுக்கு வருபவர்களுக்கு இது நடக்காது. இன்னொரு குறையும் உண்டு. தொட்டி அகலமாக இருந்தால் சேவலுக்கும் லெகார்ன் மாதிரிக் கோழிகளுக்கும் தாடி, அதாவது அலகுக்குக் கீழே தொங்குகிற சதை, தண்ணீரில் நனையும், நனைந்த தாடி உறையும்.

இப்போது நான் வைத்திருப்பது சூடாகும் தட்டும், அதன் மேல் இரும்புத் தகரத் தண்ணீர்ப் பாத்திரமும். 125 வாட், உறைகிற நிலைக்கு வந்தால் மட்டும் தானே ஆன் ஆகும். பிளாஸ்டிக் பாத்திரத்தை இந்தத் தட்டின் மேல் வைக்காதீர்கள். விளிம்பு குறுகலாக இருப்பதால் தாடி நனைவதில்லை. மூன்றாவதாக, வாளியின் பக்கவாட்டில் மாட்டுகிற, கோழி கொத்தினால் தண்ணீர் விடுகிற நிப்பிள், உள்ளே மீன்தொட்டி ஹீட்டர் போன்ற ஒரு உறைவு தடுப்பான். தண்ணீர் சுத்தமாக இருக்கும், சிந்தாது, கூளம் நனையாது, ஈரத்தைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு இதைத்தான் நான் சிபாரிசு செய்ய வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்துக் குளிரில் நிப்பிளின் முனை இரண்டு தடவை உறைந்து, வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் கோழிகள் தாகத்தில் நின்றன. வாளியை எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரிகிறது, அதனால் நமக்குச் சந்தேகமே வராது. மைனஸ் 10-க்குக் கீழே அதிகம் போகாத ஊரில் இருந்தால் நிப்பிள் வாங்குங்கள், என் மாதிரி இடத்தில் தட்டு. எதுவாக இருந்தாலும் பாத்திரத்தைக் கூட்டுக்கு வெளியே, கூரை போட்ட முற்றத்தில் வையுங்கள். இரவில் கோழி குடிக்காது. ரப்பர் தொட்டிகளையும் தூக்கிப் போட வேண்டாம், கரண்ட் போகிற நாளில் அவைதான் உதவும்.

இன்னும் கோழியே வாங்கவில்லை, வசந்தத்தில்தான் என்பவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இனத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. க்யூபெக்கில் ஓகா என்ற ஊரில் ஒரு துறவியர் மடம் இருந்தது. அங்கே சகோதரர் வில்ஃப்ரிட் ஷாட்லென் என்ற துறவி, கனடாக் குளிருக்கென்று ஒரு கோழி வேண்டும் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல வருடம் பொறுமையாகக் கலப்புச் செய்து உருவாக்கியதுதான் ஷான்டெக்ளேர். 1921-ல் அமெரிக்கக் கோழி வளர்ப்புச் சங்கம் அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. அதன் கொண்டை ஒரு சின்னக் குமிழ், தாடி இருப்பதே தெரியாது, உறைவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. என்னிடம் இரண்டு இருக்கின்றன, மைனஸ் 20-ல் கதவைத் திறந்தால் முதலில் வெளியே வருவது அவைதான். வையண்டாட், பிராமா, பக்கை எல்லாமும் நல்லவை. கொண்டை மட்டும் சின்னதாக இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் அசில் சேவலுக்கும் கொண்டை சின்னதுதான், ஆனால் இறகு ஒட்டி, மெல்லியதாக இருக்கும், அடியில் பஞ்சு இருக்காது, அது வெயிலுக்குப் பிறந்தது. வாங்குவதற்கு முன் உங்கள் ஊர் விதியையும் பாருங்கள். டொராண்டோவில் 2018-ல் சில வார்டுகளில் மட்டும் சோதனையாக நாலு பெட்டைக்கோழி வரை அனுமதித்தார்கள், 2023-ல் அதை முடித்துவிட்டார்கள். ஊருக்கு ஊர் மாறும்.

வெளி முற்றத்துக்கு மேலே வலை மட்டும் போட்டிருந்தால் முதல் ஈரப்பனியிலேயே அது தொட்டிலாகத் தொங்கி, கம்பத்தையும் இழுத்துக்கொண்டு விழும், எனக்கு அப்படித்தான் ஆனது. கெட்டியான சாய்வுக் கூரை போட்டுவிடுங்கள். பக்கங்களில் கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் தாளைக் காற்றடிக்கிற இரண்டு பக்கத்துக்கு மட்டும் கட்டி, மேலே ஒரு சாண் விட்டால் போதும், வெயில் உள்ளே வரும். தார்ப்பாய் மலிவு, ஆனால் இருட்டிவிடும். கூரை இருந்தால் காட்டுப் பறவைகளின் எச்சமும் உள்ளே விழாது. 2021 டிசம்பரில் நியூஃபவுண்ட்லாந்தில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வந்ததிலிருந்து கனடாவில் இது சின்ன விஷயமில்லை.

முட்டைக்காக விளக்குப் போடுவதா என்பது தனிக் கேள்வி, சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோழி நன்றாக இட 14 மணி நேர வெளிச்சமாவது வேண்டும், இங்கே டிசம்பர் 21-ல் பகல் 9 மணி நேரத்துக்குள்தான். ஒரு சின்ன எல்.இ.டி. பல்பை டைமரில் போட்டு அதிகாலையில் எரியவிட்டால் முட்டை குறையாது. போடுவதானால் காலையில் போடுங்கள், மாலையில் திடீரென்று அணைந்தால் கோழி இருட்டில் கட்டை தெரியாமல் தரையிலேயே நின்றுவிடும். நான் போடுவதில்லை. இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்கிற காலத்தில் உடம்புக்குப் புரதம் நிறையத் தேவை, இறகே பெரும்பாலும் புரதம்தான், அந்த நேரத்தில் முட்டையும் கேட்க எனக்கு மனசு வரவில்லை. வருமானத்துக்காக வளர்ப்பவர்கள் போட்டால் தப்பென்று சொல்ல மாட்டேன். முதல் வருடக் குமரிக்கோழிகள் பெரும்பாலும் விளக்கில்லாமலே முதல் குளிர்காலத்தில் இட்டுவிடும். இட்டதை மதியமே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் உறைந்து ஓடு வெடிக்கும்.

கொண்டைக்கு வாசலின் தடவலாமா என்றால், தடவினால் கெடுதல் இல்லை, ஆனால் ஈரக் கூட்டில் அது காப்பாற்றாது, காய்ந்த கூட்டில் அது தேவைப்படாது. கோழிக்கு ஸ்வெட்டர் போடாதீர்கள். இறகை உப்பவிடாமல் அமுக்கி, இருக்கிற கம்பளியையும் பறித்துவிடும். கொண்டை உறைந்துவிட்டால் தேய்க்காதீர்கள், சூடு காட்டாதீர்கள், கறுத்த நுனியை வெட்டவும் வேண்டாம், தானாகக் காய்ந்து விழட்டும், வீங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தட்டை ஹீட்டரை நான் விற்கவில்லை. போன டிசம்பரில் என் வயதான பஃப் ஆர்பிங்டன் கோழிக்குக் காலம் தப்பி இறகு உதிர்ந்தது, முதுகிலும் கழுத்திலும் தோல் தெரிந்தது, முள் மாதிரி புது இறகின் குருத்துகள் நின்றன. அது வரிசையின் கடைசியில் கழுத்தைச் சுருக்கி நடுங்கிக்கொண்டிருந்தது. கட்டையின் ஒரு கோடியில் ஹீட்டரை மாட்டி, 2 டிகிரிக்குக் கீழே ஆன் ஆகி 7 டிகிரியில் அணைகிற பிளக்கில் செருகினேன், தீவனத்தில் கொஞ்சம் மீனும் சேர்த்தேன். முதல் இரவே அது அந்த மூலையைப் பிடித்துக்கொண்டது. மற்ற ஐந்தும் வழக்கம் போல எதிர்க் கோடியில். ஜனவரி நடுவில் இறகு மூடியதும் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் குறைத்து ஹீட்டரை எடுத்தேன். அடுத்த நாள் காலை, முற்றத்திலிருந்து வேலி வரை நான் பனியின் மேல் வைக்கோல் தூவிப் போட்டிருந்த பாதையில் அது தனியாக நடந்து போய், கடைசியில் வெயில் படுகிற இடத்தில் ஒற்றைக் காலில் நின்றது.